சுண்டுவிரலுக்கு ஓர் இடம்

அந்தக் காலத்தில் சிறுத்தையும் மனிதரோடு பேசும். ஆட்டைத் தூக்கும்போது நலம் விசாரித்துவிட்டும் போகும். அப்போது மலையடிவாரத்தில் ஒச்சம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு நான்கு ஆடுகள், நாற்பது கவலைகள். மழை பெய்தாலும் கவலை, பெய்யாவிட்டாலும் கவலை. எல்லாவற்றிலும் பெரிய கவலை அந்தச் சிறுத்தைதான்.

அவள் இடுப்பில் எப்போதும் அரிவாள் இருக்கும். அதன் நீளப் பிடி சேலைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சிறுத்தை பாறைமேல் படுத்து அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் குடிக்க அவள் அரிவாளைக் கழற்றி வைத்தால் போதும், ஓர் ஆடு குறையும். இப்படியே இரண்டு போயின.

ஒச்சம்மா கருப்பணாசாரியின் உலைக்களத்துக்குப் போனாள்.

"மடிக்குள்ள மறையுற மாதிரி ஒரு கத்தி வேணும் ஆசாரி. பிடி வெளிய தெரியக்கூடாது."

"பிடியைக் குறைச்சா மூணு விரல்தான் பிடிக்கும் தாயி. சுண்டுவிரல் அந்தரத்துல தொங்கும்."

"தொங்கட்டுமே. அதுக்கு என்ன வேலை?"

ஆசாரி கேட்டபடியே அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் சிறுத்தைக்கு வெறும் இடுப்புதான் தெரிந்தது. இறங்கி வந்து கிடாயைக் கவ்வியது. ஒச்சம்மா கத்தியை உருவி ஓங்கி வெட்டினாள். கத்தி கைக்குள் சுழன்று, நழுவி, புதரில் போய் விழுந்தது.

சிறுத்தை கிடாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. "சுண்டுவிரலை வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கலாமே, ஒச்சம்மா. மிச்சம் இருக்கிறதையும் குளிப்பாட்டி வை. நாலு நாள் கழிச்சு வர்றேன்."

சொல்லிவிட்டுக் கிடாயை மறுபடி கவ்விக்கொண்டு போனது. மிச்சம் இருந்தது சினையாடு ஒன்றுதான்.

மறுநாள் பாறையடியில் கிடாயின் கொம்பு கிடந்தது. எடுத்துக் கையில் பிடித்தாள். நுனி வளைவில் சுண்டுவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தாள், கொம்பு அசையவில்லை. இடுப்பில் செருகினாள், வளைவு வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"இதுதான் பிடி" என்று ஆசாரியிடம் நீட்டினாள்.

"சுண்டுவிரலுக்கு வேலை இல்லேன்னு யாரோ சொன்னாங்களே?"

"அவ கிடக்கிறா. நீங்க அடிங்க."

நாலாம் நாள் சிறுத்தை ஆடி அசைந்து வந்தது. ஒச்சம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எங்க உன் குட்டைக் கத்தி? புதர்லயே கிடக்கா?"

"அதைத்தான் காணோம். கிட்ட வந்து தேடிக் குடேன்."

கிட்ட வந்தது. நான்கு விரலும் ஒன்றாய் இறுகின. கத்தி நழுவவில்லை, திரும்பவில்லை. சிறுத்தையின் பாதிக் காது தரையில் விழுந்தது. அது இரண்டு மலை தாண்டியும் நிற்காமல் ஓடியது.

"மத்தக் காதையும் குளிப்பாட்டி வை" என்று ஒச்சம்மா குரல் கொடுத்தாள்.

அந்த வாரமே ஆடு இரட்டைக்குட்டி போட்டது. குட்டிகளுக்குக் குளிருமோ என்று அவள் உடனே கவலைப்பட ஆரம்பித்தாள்.

அன்று முதல்தான் மடிக்கத்தியின் பிடி சுண்டுவிரலுக்கு இடம் விட்டு வால்போல வளைந்திருக்கிறது. பெண்பிள்ளை ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்றால், உள்ளே என்ன செருகியிருக்கிறாளோ என்று சிறுத்தையும் சுற்றுவழியில் போகிறது.