மூடாத டெர்மினல்

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் கோகிலவாணி சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தலைமை இன்ஜினியர் வேதநாயகம் எழுதிய பஸ் டைம் ப்ரோகிராம் அவள் கம்ப்யூட்டரில் ஓடவே மாட்டேன் என்றது. அவர் எல்லார் முன்னாலும் அவள் மேஜைக்கு வந்தார்.

"கமாண்ட் அடிக்கிற என் டெர்மினல் விண்டோவை நாலு மாசமா மூடினதே இல்ல, ஜம்முனு ஓடுது. தப்பு உன்கிட்டதான். சாயங்காலத்துக்குள்ள ஓட வை, இல்லேன்னா நாளைக்கு வராதே."

கோகிலவாணி அசரவில்லை. ப்ரோகிராமை வரி வரியாகப் படித்து அன்று காலைதான் காரணத்தைப் பிடித்திருந்தாள்.

"சரிங்க சார். உங்க டெர்மினலை மூடிட்டு, புதுசா ஒண்ணு திறந்து ஓட்டிக் காட்டுங்க. பார்த்துக் கத்துக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே தன் மேஜைக்குப் போய் மூடினார், திறந்தார், ஓட்டினார். அவளை மூன்று நாளாகப் படுத்திய அதே பிழை அவர் திரையிலும் வந்து உட்கார்ந்தது.

"என்ன பண்ணினே?"

"நான் தொடவே இல்லைங்க சார். டேட்டா எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற வேரியபிளை, நாலு மாசத்துக்கு முன்னாடி அந்த டெர்மினல்ல மட்டும் கையால அடிச்சிருக்கீங்க. ஃபைல்ல எழுதி வைக்கலை. மூடினதும் போயிடுச்சு."

என்ன அடித்தோம் என்று அவருக்கு நினைவே வரவில்லை.

அவர் பின்னாலேயே வர, கோகிலவாணி தன் மேஜைக்குப் போய், செட்டிங்ஸ் ஃபைலில் அந்த ஃபோல்டரைச் சொல்லும் ஒரே ஒரு வரி எழுதிப் புது டெர்மினலைத் திறந்தாள். ப்ரோகிராம் ஓடியது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குங்க சார்," என்றாள். "நீங்களும் ஓட வெச்சுடலாம்."