மூன்றாவது டின் கேஸ்

சாத்தூர் வேன் ஸ்டாண்டில் தவசிலிங்கம் வாயைத் திறந்தால் மற்றவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். சிரிப்பில் புரையேறிவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதைதான். அன்றைக்கு அவர் வாயைத் திறக்க வலுவான காரணம் இருந்தது. மூன்று வாரமாகச் சவாரி இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வண்டி நகராவிட்டால் பழைய இரும்புக்காரனை வீட்டுக்கே வரவழைத்துவிடுவேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அன்று வியாழக்கிழமை.

அந்த நேரம் பார்த்து சண்முகவடிவு வந்தார். அவருடைய மகளை விளாத்திகுளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். மறுநாள் வளைகாப்பு. ஏழு வகைக் கட்டுச்சாதத்தோடு போய், வளையல் போட்டு, மாசமாக இருக்கிற பெண்ணைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அடிக்கிற அக்னி நட்சத்திர வெயிலில் பிள்ளைத்தாய்ச்சி வாடிவிடக் கூடாதே என்பதுதான் அந்த அம்மாவின் கவலை. ஸ்டாண்டில் இரண்டே வேன்கள் நின்றன. ஆரோக்கியசாமியின் வேனில் ஏசியும் கிடையாது, சீட்டெல்லாம் வெறும் பலகை. தவசிலிங்கத்தின் பதினெட்டு வருஷத்துக் கிழட்டு வேனில் மெத்தென்ற சீட்டும், ஏசி என்று எழுதிய ஒரு பொத்தானும் இருந்தன.

ஏசி வேலை செய்யுமா என்று சண்முகவடிவு கேட்டார். செய்யும் என்ற ஒரே சொல்லோடு தவசிலிங்கம் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரே சொல்லோடு நிறுத்துகிற நாக்கை அவருக்குக் கடவுள் வைக்கவில்லை.

“என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? போன வாரம் என் கையாலயே கேஸ் ஏத்தினேன். மெக்கானிக் எவனையும் தொட விடல.”

மதுரையில் போய் டின் வாங்கி வந்ததையும், போனில் வீடியோ பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டதையும் விஸ்தாரமாகச் சொன்னார். வீடியோ பாதியில் இருக்கும்போது நெட் தீர்ந்துபோனதை மட்டும் சொல்லவில்லை. வண்டியை ஸ்டார்ட்டில் வைத்து, குழாயை மாட்டி, இரண்டு டின்னை ஏற்றினாராம். இரண்டு என்பது இரட்டைப்படை ஆயிற்றே என்று மனசு கேட்கவில்லையாம்.

“மொய் எழுதுறவன் நூறோட நிறுத்துவானா? நூத்தியொண்ணுதானே எழுதுவான்? அதான் மூணாவதா ஒரு டின்னையும் ஏத்திட்டேன்.”

ஆரோக்கியசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். கேஸ் அளவுக்கு மிஞ்சினால் குளிர் வராது, அனல்தான் வரும் என்றார். அது உன் வண்டிக்கு என்று தவசிலிங்கம் அவர் வாயை அடைத்துவிட்டு, அக்கா பக்கம் திரும்பினார்.

பொத்தானைத் தட்டியதும் வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து, ரோட்டைத் தாண்டிப் போய் வெயிலில் படுத்துக்கொண்டதாம். அதுகூடப் பரவாயில்லை, மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு மல்லிகை மொட்டு ஏற்றிப் போனாராம். தாலி கட்டுகிற வரைக்கும் ஒரு மொட்டுகூட விரியவில்லை. மாலையைக் கழற்ற மனசில்லாமல் பொண்ணு அப்படியே புருஷன் வீட்டுக்குப் போய், மறுவீட்டுக்குத் திரும்பி வந்தபோதுதான் பூத்ததாம்.

“அன்னிக்குத்தான் மாப்பிள்ளைக்கும் நடுக்கம் நின்னுச்சு” என்றார் தவசிலிங்கம்.

டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தி, அந்த மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டார். ஊரா முக்கியம் என்று தவசிலிங்கம் அடுத்ததற்குத் தாவினார். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுமில்லையா, ஒருநாள் வேனை ஒரு வறண்ட கண்மாய்க் கரையில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனாராம். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது. ஊர்க்காரர்கள் வேன் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, நாற்று நட்டு, அறுத்துக் களம் சேர்த்த பிறகுதான் கொடுத்தார்களாம்.

“ஏப்பா, கேஸ் ஏத்தியே ஒரு வாரம்தானே ஆச்சு?” என்று ஆரோக்கியசாமி கேட்டார்.

“குளிர்ல நெல்லு பயந்துபோய்ச் சீக்கிரம் விளைஞ்சிருச்சு. அதை விடு. அக்னி நட்சத்திரம் இந்த வருஷம் நாலு நாள் முன்னாலயே முடியப்போகுது. காரணம் என் வண்டிதான்னு பஞ்சாங்கம் கணிக்கிறவர் என்னைத் தேடிக்கிட்டுத் திரியறாரு.”

சண்முகவடிவு இத்தனையையும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குடையை விரித்தார்.

“ரொம்ப நல்ல ஏசி தம்பி. ஆனா பிள்ளைத்தாய்ச்சிக்கு இவ்வளவு குளிர் ஆகாது. சளி பிடிச்சா மாத்திரையும் குடுக்க முடியாது. பலகை சீட்டானாலும் சரி, ஒரு மெத்தையைப் போட்டு ஆரோக்கியசாமி வண்டியிலயே போயிக்கிறேன்.”

பழைய இரும்புக்காரனின் தராசு தவசிலிங்கத்தின் கண் முன்னால் ஆடியது. அவர் சண்முகவடிவின் பின்னாலேயே ஓடி, கண்மாய் நிறையவில்லை, முழங்கால் அளவுதான் என்றார். அந்த அம்மா நிற்கவில்லை. தண்ணீரே கிடையாது, மல்லிகையும் ஏற்றவே இல்லை என்றார் தவசிலிங்கம். அதற்கும் நிற்கவில்லை. நாய் எழுந்தது ஹாரன் சத்தத்துக்குத்தான் என்றும் ஒப்புக்கொண்டார். ஆரோக்கியசாமி தன் வேன் கதவைத் திறந்து சீட்டைத் துண்டால் தட்ட ஆரம்பித்திருந்தார்.

“யக்கா, நில்லுங்க. அதுல குளிரே வராதுக்கா. மூணாவது டின்னை ஏத்துனதுலேருந்து அடுப்பு மாதிரி அனலடிக்குது. நான் அந்தப் பொத்தானையே தொடறதில்ல. என் பிள்ளைங்க சத்தியமாச் சொல்றேன்.”

தவசிலிங்கம் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை ஸ்டாண்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. டீ மாஸ்டர் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

சண்முகவடிவு குடையை மடக்கினார். தவசிலிங்கத்தின் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து, சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

“காலையில அஞ்சு மணிக்கு வீட்டு வாசல்ல வண்டி நிக்கணும், தம்பி. வெயில் ஏறுறதுக்குள்ள போய்ச் சேர்ந்திரலாம். இந்த ஜன்னலாவது திறக்குமா? அவசரமில்ல, நல்லா யோசிச்சுச் சொல்லு.”