துண்டு போட்ட படகு

கொம்பன்விளையில் முட்டாள் என்று ஒருவர்கூடக் கிடையாது. நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த ஊரிலேயே போய்க் கேட்டுப்பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த ஊர் வேதமுத்துவின் மகள் எப்சிபா, புருஷன் வேலை நிமித்தம் பிரேசில் தேசத்துக் காட்டுக்குள் இருக்கிற மனாஸ் பட்டணத்தில் குடியிருந்தாள். தலைப்பிள்ளை ஆண். ஞானஸ்நானத்துக்கு அப்பா கையில்தான் பிள்ளையைக் கொடுப்பேன் என்று ஒரே பிடியாக நின்றாள். மூட்டுவலியால் தாயாருக்குப் போக முடியவில்லை. பேரனுக்கு வெள்ளைச் சட்டை ஒன்று தைத்து, ஜெபம்பண்ணி, பையில் வைத்துக் கொடுத்தாள். துணைக்கு வேதமுத்துவின் சகலைகள் பொன்னுராஜும் சாலமோனும் கிளம்பினார்கள்.

மலிவான டிக்கெட் என்பதால் விமானம் எங்கேயோ இறக்கிவிடும். அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு நாள், ஆற்றுப் படகில் நாலு நாள். எப்சிபா எழுதிய கடிதத்தில் இரண்டு வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தாள். பையை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. படகில் முன்கூட்டியே இடம் பிடிச்சிருங்க.

பஸ் காட்டுக்குள் போயிற்று. இரண்டு பக்கமும் குரங்கும் பஞ்சவர்ணக் கிளியுமாக இருந்ததாம். இவர்கள் மூவரும் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். மத்தியானம் சாலமோனுக்குத் தூக்கம் சொக்கியது.

"அண்ணாச்சி, கண்ணை மூடினா எடுத்த மாதிரிதான?"

வேதமுத்து வெகுநேரம் யோசித்தார். "கண்ணு அங்கேயேதானவே இருக்கு. இமைதான நடுவுல வருது."

அதற்குப் பிறகுதான் மூவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். மகள் போன் பண்ணி, காடு எப்படியப்பா இருக்கு என்று கேட்டாள். பை நன்றாக இருக்கிறது என்றார் வேதமுத்து.

சாப்பிட நிறுத்திய இடத்தில் பக்கத்து பஸ் புதுசாக இருந்தது. பொன்னுராஜ் ஜன்னல் வழியாக அதில் துண்டைப் போட்டுவிட்டு வந்தார். அது வேறு ஊர் பஸ். துண்டு மட்டும் அந்த ஊருக்குப் போயிற்று.

ஆற்றுத்துறையில் படகு நின்றது. ஜனங்கள் ஆளுக்கொரு தூளி கட்டி வௌவால் மாதிரித் தொங்கினார்கள். நம் ஆட்கள் காற்று வரும் இடமாகப் பார்த்து இரண்டு துண்டை விரித்தார்கள். மூன்றாவது ஆளுக்குத் துண்டில்லையே, அங்கே பையை வைத்தார்கள். இடம் பிடித்த பிறகு யாராவது படகிலேயே உட்கார்ந்திருப்பார்களா? காப்பி குடிக்க இறங்கினார்கள். கரைப் பெஞ்சில் இருந்தபடியே பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படகு சங்கு ஊதியது.

"நம்மளக் கூப்பிடுதானோ?" என்றார் பொன்னுராஜ்.

"நம்மள ஏன்வே கூப்பிடுதான்? இடம் பிடிக்காதவனக் கூப்பிடுதான்," என்றார் வேதமுத்து.

இரண்டாவது சங்குக்கு, இன்னும் எத்தனை பேர் இடமில்லாமல் அலைகிறார்களோ என்று சாலமோன் பரிதாபப்பட்டார். மூன்றாவது சங்குக்குப் படகு நகர்ந்தது. மூவரும் எழுந்து நின்று, பை புள்ளியாகி ஆற்று வளைவில் மறைகிறவரை பார்த்தார்கள்.

"நீ சொன்ன ரெண்டையும் செஞ்சாச்சும்மா," என்று வேதமுத்து போனில் சொன்னார்.

மூன்றாம் நாள் அடுத்த படகு வந்தது. அதில் ஏறி வாருங்கள் என்று எப்சிபா போனில் அழுதாள். வேதமுத்து அசையவில்லை. "நம்ம இடம் அந்தப் படகுல கிடக்கு. இதுல ஏறினா அடுத்தவன் இடத்துலலா உக்காரணும்? பாவம்மா அது."

பை மட்டும் பத்திரமாக மனாஸ் போய்ச் சேர்ந்தது. எப்சிபா துறைக்குப் போய் அதை எடுத்து, சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஆனால் பிள்ளை வளர்கிற வேகத்துக்கு இன்னும் ஒரு வாரம் போனால் கை நுழையாது. அப்பாவோ துறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் புருஷனையும் போதகரையும் கூட்டிக்கொண்டு, பிள்ளையோடு அதே படகில் ஏறினாள். ஞானஸ்நானத்தை ஆற்றங்கரையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று போதகரும் சொல்லிவிட்டார்.

படகு திரும்பி வந்ததும் மூவரும் முதல் ஆளாக ஏறினார்கள். துண்டு இரண்டும் விரித்தபடியே கிடந்தன, பையும் இருந்தது. வேதமுத்துவின் துண்டில், பாட்டி தைத்த வெள்ளைச் சட்டையோடு பேரன் கைகாலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தான். எப்சிபா விம்மிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

வேதமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகான பிள்ளை. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? குனிந்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பி, இதுல ஆள் வருது. துண்டு கிடந்ததப் பாக்கலியா?"