காபி ஆறிய வழக்கு

மலையடிவார மடத்துக் குரு, தம் சீடர் பொன்னம்பலத்தைவிட வயதில் சிறியவர். பொன்னம்பலம் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். அன்று ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார். குரு அப்போதுதான் தமக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சுவாமி, உடனே தீர்ப்பு சொல்லணும். என் சம்சாரம் தையல்நாயகி வாசல்ல நிக்கிறா. அடுத்த பஸ்ல அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். இனிமே வரமாட்டாளாம்."

"என்ன வழக்கு?"

"காபி ஆறிப்போச்சுன்னு ஒருநாள் சொன்னேன். சூடாத்தான் குடுத்தேன்னு சாதிச்சா. ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிட்டேன்."

பெட்டியைத் திறந்தார். டம்ளருக்கு ஒரு வெப்பமானி, டபராவுக்கு ஒன்று, நுரைக்குத் தனியாக ஒன்று. காற்று புகாமலிருக்க அடுப்படி ஜன்னலுக்கெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தாராம். தையல்நாயகியின் மூச்சுக்காற்று பட்டால் கணக்குப் பிசகும் என்று, காபி போட்ட கையோடு அவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவாராம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. பொன்னம்பலம் வாசலை எட்டிப் பார்த்தார். அவள் போய்விடுவாளோ என்ற பயம் ஒருபக்கம், தோற்றுவிடக் கூடாதே என்ற வீம்பு ஒருபக்கம்.

"சீக்கிரம் சொல்லுங்க சுவாமி. என் பக்கம்தானே நியாயம்?"

"அளந்த காபியெல்லாம் யார் குடிச்சது?"

"குடிச்சா அளவு குறைஞ்சிருமே. அப்படியே கொட்டிருவேன்."

"எல்லாத்தையும் போட்டது?"

"அவதான்."

"அவங்களுக்கு ஒரு டம்ளர்?"

பொன்னம்பலம் பெட்டியை மெதுவாக மூடினார்.

ஹாரன் வளைவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. குரு தம் காபியை டபராவோடு எடுத்து அவர் கையில் வைத்தார்.

"கொண்டுபோய்க் குடுங்க."

பொன்னம்பலம் வாசலை நோக்கி ஓடினார். பஸ் வந்து நின்றது. தையல்நாயகி பையைத் தூக்கிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். இங்கே பொன்னம்பலமோ நிலைப்படியில் நின்றுவிட்டார். பழக்கதோஷம், கை சட்டைப்பையில் வெப்பமானியைத் தேடியது.

திரும்பி, அழாக்குறையாகக் கேட்டார்:

"சுவாமி, இந்தச் சூடு போதுமா?"

"அவங்களைக் கேளுங்க."