முத்திரை குத்திய மின்னஞ்சல்

எருக்கலாம்பட்டி கிளை நூலகத்தில் சொன்ன பேச்சைத் தட்டாத மூன்று பேர் வேலை பார்த்தார்கள். அந்த நூலகத்துக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

நூலகர் தணிகைநாதன். உதவி நூலகர் வேதவல்லி. மூன்றாமவர் அய்யாக்கண்ணு, கதவு திறப்பது, புத்தகம் அடுக்குவது, வருகிற தபாலுக்கெல்லாம் தேதி முத்திரை குத்துவது அவர் வேலை. 'செருப்பை வெளியே விடவும்' என்று வாசலில் பலகை தொங்கியது. ஒரு வாசகர் கடையில் புதுச் செருப்பு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தபோது, பையைப் பிரித்து அதையும் வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். திரும்பிப் போகும்போது அது அங்கே இல்லை. பலகையில் அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பதால் அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

மூவரும் பல வருடமாக மதியம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். வேதவல்லியின் வத்தக்குழம்பும் அய்யாக்கண்ணு வீட்டுக் கத்தரிக்காயும்தான் தணிகைநாதனை உயிரோடு வைத்திருந்தன. அவர் வீட்டுச் சமையலைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அந்த அம்மாளை எனக்குத் தெரியும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு மாவட்டத் தலைமையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தது. சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளரும் வந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல சார். மின்னஞ்சல்னா தபால்தான். தபால் வந்தா என்னென்ன செய்வீங்களோ அதையெல்லாம் இதுக்கும் செய்யுங்க. பாஸ்வேர்டு அடிக்கிறதை யாரும் பாக்கக் கூடாது. மெஷின் நின்னு போச்சுன்னா பதறாம ஆஃப் பண்ணிட்டு, போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்து ஆன் பண்ணுங்க. அவ்வளவுதான்."

நல்ல மனிதர். சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. யாரிடம் சொல்கிறோம் என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை தணிகைநாதன் பாஸ்வேர்டு அடிக்க உட்கார்ந்தார். யாரும் பார்க்கக் கூடாது என்பதால் வேதவல்லியும் அய்யாக்கண்ணுவும் வெளியே போனார்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாசகர்களையும் வெளியே அனுப்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்து வேதவல்லி கதவுக்கு வெளியிலிருந்து கேட்டார்.

"சார், நீங்க பாக்கறீங்களா?"

"நான் பாக்காம எப்படிம்மா அடிக்கிறது?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னாரே. நீங்களும் ஒரு ஆள்தானே சார்?"

தணிகைநாதன் யோசித்தார். நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் அடித்தார். எப்படியும் மத்தியானத்துக்குள் ஒரு தடவை சரியாக விழுந்துவிடும். வாசகர்கள் அதுவரை வேப்பமரத்தடியில் நின்று பேப்பர் படிக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு நாள் மெஷின் நின்றுபோனது. யாரும் பதறவில்லை. அணைத்துவிட்டுக் கிளம்பினார்கள். டீக்கடை பூட்டியிருந்தது, கடைக்காரர் மகள் கல்யாணம்.

"வீட்டுல போய் காபி குடிச்சுட்டு வந்தா ஆகாதா?" என்றார் அய்யாக்கண்ணு.

"டீன்னுதான் சொன்னாரு" என்றார் தணிகைநாதன். "காபி குடிச்சு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

மாப்பிள்ளை வீட்டு விருந்தெல்லாம் முடிந்து கடை திறக்கிறவரை கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்தது.

முதல் மின்னஞ்சல் ஜூன் மாதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. நூலகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை. படித்து முடித்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தபால் வந்தா முதல்ல என்ன செய்வோம்?" என்றார் தணிகைநாதன்.

"முத்திரை குத்துவோம் சார்" என்றார் அய்யாக்கண்ணு, கை ஏற்கெனவே மைப்பெட்டிக்குப் போயிருந்தது.

"வலது பக்கம் மேல் மூலையில குத்துங்க. பாத்து, மெதுவா. கண்ணாடி."

அய்யாக்கண்ணு முத்திரையில் ஒரு ஊது ஊதி, திரையின் மேல் மூலையில் அழகாகப் பதித்தார். 'பெறப்பட்டது, ஜூன் 12' என்று ஊதா மையில் பளிச்சென்று விழுந்தது. அப்படி ஒரு முத்திரை காகிதத்தில்கூட விழுந்ததில்லை என்று வேதவல்லி பாராட்டினார்.

அடுத்த மின்னஞ்சலைத் திறந்தபோது அதன் மேல் முத்திரை இருந்தது. அய்யாக்கண்ணு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"நான் தொடவே இல்ல சார். சத்தியமா."

"தெரியுது அய்யாக்கண்ணு" என்றார் தணிகைநாதன், திரையை மரியாதையோடு பார்த்தபடி. "ஒரே ஒரு தடவை நீங்க செஞ்சதைப் பாத்துச்சு. கத்துக்கிச்சு."

அன்று மதியம் அய்யாக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் பிடித்த முத்திரையை ஒரு பெட்டி பிடுங்கிக்கொண்டதே என்று மனசு வெந்தார். வேதவல்லி அவர் தட்டில் இன்னொரு கரண்டி வத்தக்குழம்பு விட்டார்.

அதைவிடப் பெரிய இடி இருபதாம் தேதி காலை வந்தது. அது மாவட்ட நூலக அதிகாரி அனுப்பிய மின்னஞ்சல். சரியாக நடக்காத கிளை நூலகங்களை மூடப் போகிறார்கள், ஊழியர்களை ஆளுக்கொரு ஊருக்கு மாற்றப் போகிறார்கள். மூட வேண்டாம் என்றால், கம்ப்யூட்டரை உபயோகிக்கிறோம் என்று இந்தக் கடிதம் பெற்ற ஐந்து நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

"அஞ்சு நாள் இருக்கே, தாராளம்" என்றார் தணிகைநாதன்.

வேதவல்லி திரையின் மூலையைச் சுட்டிக்காட்டினார். "சார், இது பன்னெண்டாம் தேதியே வந்திருக்கு."

உண்மைதான். முத்திரை இருந்தது. கடிதம் அனுப்பிய தேதி என்று ஏதோ அந்த மூலையில் இருந்திருக்கும் போல, அது மைக்கு அடியில் போய்விட்டது.

"அப்போ பதினேழோட கெடு முடிஞ்சுது" என்றார் தணிகைநாதன். "நமக்கு வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே முடிஞ்சுது."

"இன்னிக்குத் தேதியில இன்னொரு முத்திரை குத்திடட்டுமா சார்?"

"குத்தின முத்திரை மேல குத்தறது மோசடி அய்யாக்கண்ணு. நாம பிழைக்கணும்னு அந்த மெஷினைப் பொய் சொல்ல வைக்கிறதா?"

வேதவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு மேசையில், தனித்தனியாக டப்பாவைத் திறந்து உட்காருவதைத் தணிகைநாதன் நினைத்துப் பார்த்தார். அவருடைய டப்பாவில் இருப்பது என்னவென்று அவருக்குத்தானே தெரியும்.

"தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் போடுவோம்" என்றார் கடைசியில். "அவசரத் தபாலை எப்படி அனுப்புவோம்?"

"கையெழுத்துப் போட்டு, ஆள் வசம் நேர்ல குடுத்து அனுப்புவோம்" என்றார் வேதவல்லி.

அப்படியே செய்தார்கள். வேதவல்லி பதிலை அடித்தார். தணிகைநாதன் திரையில் அதற்கு நேர்கீழே மார்க்கர் பேனாவால் கையெழுத்துப் போட்டார். திரையைக் கழற்றி, துண்டில் சுற்றி, அய்யாக்கண்ணுவிடம் கொடுத்தார்கள். வயரைப் பிடுங்கியதும் எழுத்தெல்லாம் மறைந்து கறுத்துப் போனது.

"சார், கடிதத்தைக் காணோம்."

"உறைக்குள்ள போட்டு ஒட்டின கடிதம் வெளியில தெரியுமா? கிளம்புங்க."

மாவட்ட அலுவலகத்தில் அதிகாரி அம்மாள் அந்தக் கறுப்புத் திரையை நெடுநேரம் பார்த்தார். ஊதா முத்திரையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். எங்கும் பதிந்திருந்த விரல் ரேகையையும் வத்தக்குழம்புக் கறையையும் பார்த்தார்.

"இதுதான் பதிலா?"

"ஆமாங்கம்மா. தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும். நூலகத்தை மட்டும் மூடிடாதீங்க."

மற்றக் கிளைகளிலிருந்து பதிலே வரவில்லை. பாதிக் கிளைகளில் கம்ப்யூட்டர் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருப்பதாகத் தகவல். எருக்கலாம்பட்டியில் அதை உபயோகிக்கிறார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வர முடியாது. வந்த மனுவின் மேலேயே உத்தரவு எழுதிப் பழகிய கை அந்த அம்மாளுக்கு. திரையைத் திருப்பி, அதன் முதுகில் பச்சை மையால் 'இக்கிளை தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார்.

அய்யாக்கண்ணு திரையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். அன்று மூவரும் சாப்பிட்ட சாப்பாட்டைப் போல ஒரு சாப்பாடு இல்லை. கை கழுவிக்கொண்டு தணிகைநாதன் சொன்னார்.

"உத்தரவு வந்தாச்சு. தபாலுக்குக் கடைசியா என்ன செய்வோம்?"

"ஓட்டை போட்டு, நூல் கோத்து, ஃபைல்ல சேத்துடுவோம் சார்."

பஞ்ச் பண்ணுகிற மெஷினுக்குள் திரை நுழையவில்லை. பக்கத்துத் தெரு ஆசாரியைத் துளைப்பானோடு கூட்டிவந்தார்கள்.

"இதுலயா?" என்றார் ஆசாரி.

"ஆமா. ரெண்டு ஓட்டை. அம்மா எழுதின எழுத்துல படாம போடுங்க" என்றார் தணிகைநாதன்.

எழுத்தில் படாமல், மேல் விளிம்பில், முன்னிருந்து பின்வரை அருமையாக விழுந்தன. வயரைச் சொருகி ஆன் பண்ணினார்கள். திரை எரியவில்லை.

"நின்னு போச்சு" என்றார் தணிகைநாதன். பதறவில்லை. ஆஃப் பண்ணிவிட்டு மூவரும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்கள். எரியவில்லை. மறுபடியும் போனார்கள். மறுபடியும் எரியவில்லை. நான்காவது டீயின்போது வேதவல்லி தம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், நின்னு போனது யாரு? நாமளா, மெஷினா?"

"மெஷின்தான்."

"அப்போ டீயை நாம எதுக்குக் குடிக்கறோம்?"

தணிகைநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டார். எவ்வளவு பெரிய தப்பு. உடனே ஒரு டீ பார்சல் கட்டச் சொன்னார். அய்யாக்கண்ணு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"எப்படிங்க சார் ஊத்தறது?"

"அதான் ஓட்டை போட்டு வெச்சிருக்கமே" என்றார் தணிகைநாதன்.

ஓட்டை இரண்டு இருக்கிறது, டீ ஒன்றுதான். எதில் ஊற்றுவது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.