பல்லக்கில் ஆள் இல்லாமல் மலையேறக் கூடாது

வெறும் பல்லக்கு மலையேறக் கூடாது என்பது அந்தக் கோயில் வழக்கம். அதைச் சாக்காக வைத்தே ஜமீன்தார் சங்கிலித்துரை ஒரு படிகூட நடந்தவரில்லை. இந்த வருஷம் அடிவாரத்துச் சந்நிதி முன்னால் நின்று, "உச்சி வரைக்கும் எங்கேயும் பல்லக்கைக் கீழே வைக்கப்படாது" என்று வேறு சொல்லிவிட்டார்.

பல்லக்குத் தூக்கி மொக்கையன் தோளைத் தடவிக்கொண்டான். "ஒரு பந்தயம், சாமி. நாங்க பதினஞ்சு பேரும் ஊருக்கு ஒருத்தரா வந்தவங்க. இப்ப அர்ச்சனைக்குக் குருக்கள் நட்சத்திரம் கேப்பார். ரெண்டு பேருக்கு ஒண்ணாயிருந்தா நீங்க நடக்கணும். இல்லேன்னா திரும்பி வரும்போதும் கீழே வைக்க மாட்டோம்."

ஜமீன்தாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நட்சத்திரம் இருபத்தேழுடா. ஆளுக்கு ஒண்ணு குடுத்தாலும் பன்னெண்டு மிஞ்சும். சந்நிதி முன்னால சொல்றேன், சரி."

குருக்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அசுவினி, பூசம், கேட்டை என்று போய், ஒன்பதாவது ஆள் மெல்லச் சொன்னான். "பூசம்."

"முன்னாடியே தெரியுமாடா உனக்கு?" என்று மொக்கையனைக் கேட்டார் ஜமீன்தார்.

"யாரோடதும் தெரியாது, சாமி. ரெண்டாவது ஆளோட நட்சத்திரம் ஒருத்தனோடதுல மோதாம தப்பிச்சாப் போதும். கடைசி ஆள் பதினாலு பேர்கிட்டயும் தப்பிக்கணும். அத்தனை பேரும் மோதாம தப்பிக்கிறது லேசா? நீங்க மிஞ்சுற நட்சத்திரத்தை எண்ணினீங்க. நான் மோதுற ஆளுங்களை எண்ணினேன்."

சந்நிதி முன்னால் கொடுத்த வாக்கு. ஜமீன்தார் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைத்தார்.

"பல்லக்கு வெறுமையா நிக்குதே" என்றார் குருக்கள்.

"வழக்கத்தை மீறலாமா, சாமி?" என்றபடி மொக்கையன் ஏறி உட்கார்ந்தான். "மெதுவாப் போங்கப்பா. பின்னால துரை நடந்து வர்றார்."