நூறாண்டு காத்த நன்றி

தாழ்குன்றத்து மடத்தில் ஒன்பது குருமார்களிடமும் சீடனாக இருந்தவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் பொறையன்.

எட்டு குருமார்கள் அவன் கண் முன்னே வந்தார்கள், கற்றுக்கொடுத்தார்கள், மூப்படைந்து போய்ச் சேர்ந்தார்கள். ஒன்பதாவது குருவான தும்பையை அவனே தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறான். இப்போது அவளுக்குத் தலை முழுக்க நரை. முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். பொறையனுக்கு இப்போதுதான் மீசை ஒழுங்காக முளைக்கத் தொடங்கியிருந்தது.

அவள் வயது இருபத்தேழு. அவன் வயது முந்நூற்றுப் பத்து.

அந்த உலகம் அப்படி. தும்பையின் இனமான குறுநாளருக்கு ஆயுள் முப்பது வருஷம். எட்டு வயதில் கல்யாணம், இருபதில் பேரன் பேத்தி. பொறையனின் இனமான நெடுநாளருக்கோ ஆயிரம் வருஷம். அவர்கள் பிள்ளைகளுக்குப் பத்து வயதில்தான் முதல் பேச்சே வரும். தாய்மார்கள் பொறுத்துக்கொள்வார்கள், வேறு என்ன செய்வது? மலைவாணர் என்று இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் ஆயுளை யாரும் கடைசிவரை இருந்து பார்த்ததில்லை. பொறையனின் தாத்தா ஒரு மலைவாணரிடம் வழி கேட்டாராம். பதில் அவன் அப்பா காலத்தில் வந்தது.

நெடுநாளரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் என்ன உதவி செய்தாலும் உடனே நன்றி சொல்ல மாட்டார்கள். சரியாக நூறு வருஷம் கழித்துத்தான் சொல்வார்கள்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முன்னொரு காலத்தில் அவர்களில் ஒருவர், ஆற்றுக்குப் பாலம் கட்டித் தந்தவனுக்கு அன்றைக்கே நன்றி சொன்னார். முப்பது வருஷம் கழித்து அந்தப் பாலத்தின் மேல்தான் பகைவர் படை வந்து அவர் வீட்டைக் கொளுத்தியது. அன்றிலிருந்து, ஒரு நன்மை கடைசிவரை நன்மையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நூறு வருஷம் தாங்கினால் அது நன்மை. அதற்கு முன்பே நன்றி சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்று பொருள்.

குறுநாளர் இதற்கு நேர் எதிர். சோற்றுக்குக் கை நீட்டும் முன்பே நன்றி சொல்லிவிடுவார்கள். கறுத்து வரும் மேகத்தைப் பார்த்தும் சொல்வார்கள். அது பெய்யாமல் போனாலும் திருப்பி வாங்கிக்கொள்வதில்லை.

அதனால் மடத்தில் புதிதாகச் சேரும் சீடர்களுக்குப் பொறையனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நூறு வருஷமாக உட்கார்ந்து சாப்பிடுகிறான், ஒரு நாளாவது வாயைத் திறந்து நன்றி என்று சொன்னானா என்று முணுமுணுப்பார்கள். அவன் காதில் விழும். சொல்லத்தானே போகிறோம் என்று சும்மா இருந்துவிடுவான்.

ஒரு நாள் காலையில் அவன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தும்பையின் முன்னால் வந்து நின்றான். அவள் கொல்லையில் அவரைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன விசேஷம், அண்ணே?" என்றாள். மடத்தில் எல்லாருக்கும் அவன் அண்ணன்தான். குருவுக்கும்.

"இன்னையோட நூறு வருஷம் ஆகுது, அம்மா. முதல் குருவுக்கு நான் நன்றி சொல்லணும்."

முதல் குருவின் பெயர் குருந்தன். பொறையன் மலை தாண்டி வந்தபோது காய்ச்சலில் விழுந்தான். நெடுநாளருக்கு எல்லாமே நீளம், காய்ச்சலும்தான். அவனுக்கு வந்த காய்ச்சல் ஒன்றரை வருஷம் நின்றது. அந்த ஒன்றரை வருஷமும் குருந்தன் பக்கத்திலேயே இருந்து, துணி நனைத்துப் போட்டு, கஞ்சி காய்ச்சி வாயில் ஊற்றினார். உட்கார்ந்தபோது அவருக்குக் கறுத்த தலை. பொறையன் எழுந்து நடந்தபோது காதோரம் வெளுத்திருந்தது.

அந்த நன்மை நூறு வருஷம் தாங்கிவிட்டது. ஒரு குறையும் இல்லாமல் தாங்கிவிட்டது. பொறையன் தன் நன்றியைச் சொல் சொல்லாகச் சேர்த்து வைத்திருந்தான். அவன் இனத்தில் யாரும் அவ்வளவு அழகாகச் செய்ததில்லை.

"அவர் போய்த் தொண்ணூத்தி நாலு வருஷம் ஆச்சே," என்றாள் தும்பை.

"தெரியும். அதான் உங்ககிட்ட வந்தேன். இதை நான் யார்கிட்ட கொடுக்கறது?"

கேட்கும்போதே அவன் குரல் உடைந்தது. நன்றி சொல்லாமல் இருப்பதை விடப் பெரிய அவமானம் நெடுநாளருக்குக் கிடையாது. அதை விட, குருந்தன் மீது அவனுக்கு உயிர்.

தும்பை கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள். நாணற்கரை என்ற ஊரில் குருந்தனின் வம்சம் இருக்கிறது, செருந்தி என்று ஒருத்தி, பத்தாவது தலைமுறை, அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள் என்றாள். நாலு நாள் நடை.

"சொல்லிட்டுச் சீக்கிரம் வந்துடுங்க," என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க சீக்கிரம் இல்லை, அண்ணே. எங்க சீக்கிரம்," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

செருந்திக்குப் பதின்மூன்று வயது. இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. வாசலில் அவனைப் பார்த்ததும், வந்ததற்கு நன்றி என்றாள். அதற்குப் பிறகுதான் நீங்கள் யார் என்று கேட்டாள்.

பொறையன் விஷயத்தைச் சொன்னான். அவள் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். அவன் தன் நன்றியைச் சொல்லத் தொடங்கினான். அது சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆனது.

செருந்தி நல்ல பெண். முதல் நாள் மதியம் வரை அசையாமல் கேட்டாள். அப்புறம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். சாயங்காலம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். மறுநாள் கதிர் அறுக்கப் போக வேண்டியிருந்தது, அவனும் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனான். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முடித்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான். செருந்தி அரிவாளை வரப்பில் குத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. குருந்தன்னு எங்க வீட்டுல ஒருத்தர் இருந்தார்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். சரி, நான் வாங்கிக்கிட்டேன். வாங்க, சாப்பிடலாம்."

அவள் மனதாரத்தான் சொன்னாள். நல்ல நெய் விட்டுச் சோறு போட்டாள். ஆனால் பொறையன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நூறு வருஷம் சுமந்து வந்ததைத் தவறான வீட்டில் இறக்கிவிட்டது போல இருந்தது. போதாக்குறைக்கு, இப்போது செருந்திக்கு வேறு நூறு வருஷம் கழித்து நன்றி சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, எங்கே தப்பு நடந்தது என்று யோசித்தான். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். சொல்லில் தப்பு இல்லை. முறையில் தப்பு இல்லை. நூறு வருஷக் கணக்கிலும் தப்பு இல்லை. மழை வந்தது, ஓய்ந்தது. பாறை ஓரம் இருந்த நாவல் கன்று அவன் தோள் உயரத்துக்கு வந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் திடுக்கென்றது.

நெடுநாளர் யோசிக்க உட்கார்ந்தால் அப்படித்தான். எழுந்து ஓடினான். வழியில் கண்டவர்களிடம் கேட்டான். இரண்டு வருஷமும் பத்து மாதமும் ஆகியிருந்தது.

மீதி மூன்று நாள் நடையை ஒன்றரை நாளில் ஓடி மடத்துக்கு வந்தான். தும்பை முற்றத்து வேம்பின் நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். இன்றோ நாளையோ என்று சீடர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் கோபம் வந்தது.

தும்பைக்குக் கோபம் இல்லை. "வந்துட்டீங்களா," என்றாள். "வந்ததுக்கு நன்றி, அண்ணே."

அவன் கட்டிலின் காலருகே தரையில் உட்கார்ந்தான். ஓடி வந்த மூச்சு அடங்கவே நேரமானது. நாணற்கரையில் நடந்ததைச் சொல்லச் சொன்னாள். சொன்னான். வயலில் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டபோது சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது.

"அந்தப் பொண்ணு வாங்கிக்கிட்டாளே. அப்புறம் என்ன குறை?"

 பொறையன் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"குருந்தனாருக்குச் சமைக்கத் தெரியாது, அம்மா. தினமும் கஞ்சியை அடிப்பிடிக்க வெச்சுடுவார். ஊட்டிட்டு, எப்படி இருக்குன்னு கேப்பார். இப்பவே சொல்ல முடியாது, நாள் இருக்குன்னு நான் சொல்லுவேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். சாகும்போதும் கேட்டார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கஞ்சி எப்படிடா இருந்துச்சுன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் தொண்ணூத்தி நாலு வருஷம் இருக்குன்னு சொன்னேன்."

 கோபமாக இருந்த சீடர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்போது உள்ளேயிருந்து ஒருத்தி தும்பைக்குக் கஞ்சி கொண்டு வந்தாள். தும்பை இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி, நன்றி என்றாள். ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இது, உப்பை அள்ளிக் கொட்டியிருக்கே? சாகப் போறவளுக்குக் கூட நாக்கு இருக்கும்டி."

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு கிண்ணத்தை வாங்கிப் போனாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

பொறையன் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தும்பையின் பக்கம் திரும்பினான். அவள் குருவாக உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வழக்கப்படி இன்னும் எண்பத்தெட்டு வருஷம் பாக்கி.  பாலத்தின் மேல் பகைவர் படை வந்த நாளிலிருந்து அவன் இனத்தில் ஒருவரும் செய்யாததைச் செய்யப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியும். சொல் எதுவும் தயாராக இல்லை. யோசிக்க நேரமும் இல்லை.

"நன்றி, அம்மா," என்றான்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. விதையை எவ்வளவு ஆழத்தில் போட வேண்டும் என்று நாலு தடவை அலுக்காமல் சொல்லிக்கொடுத்ததற்கு. தனக்குப் புரிய மூன்று வருஷம் ஆன பாடத்துக்கு, மூன்று வருஷமும் காத்திருந்ததற்கு. அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது தன் தோளில் தூங்கியதற்கு. தாமதமாக வந்தவனைத் திட்டாததற்கு. வரிசை இல்லை, அழகு இல்லை, பாதி வார்த்தை அழுகையில் போயிற்று. தும்பை கண்ணை மூடாமல் எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு அது எந்த நாள் என்று தெரிந்திருந்தது. முகம் அப்படி மலர்ந்திருந்தது.

சொல்லி முடித்ததும் பொறையனுக்குப் பயம் வந்துவிட்டது. முந்நூறு வருஷப் பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

"அவசரப்பட்டுட்டேனே, அம்மா. நீங்க சொல்லிக்கொடுத்ததெல்லாம் பின்னாடி ஒரு நாள் தப்புன்னு ஆயிட்டா?"

தும்பை அவன் தலையில் கை வைத்தாள்.

"ஆச்சுன்னா நூறு வருஷம் கழிச்சு வந்து நல்லாத் திட்டுங்க, அண்ணே. திட்டு வாங்க நான் இருக்கணும்னு இல்லை."